ஒரு நாள் வைத்த தண்ணீர்

“குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்தினா மீன் ஏன் சாவுது, சொல்லு பாப்போம்?” என்று மீன் கடைக்காரர் என்னிடம் ஒருமுறை கேட்டார்.

கடையில் அப்போது வேறு மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியும். அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தொண்டை வரைக்கும் வருவது எப்போதும் நடப்பதுதான். அதற்கு மேல் ஒன்றும் வராது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் இப்படித்தான் நின்றேன். வாத்தியார் கேட்பார், நான் எழுந்து நிற்பேன், வகுப்பு முழுவதும் காத்திருக்கும், பிறகு சிரிக்கும். ஒரு நாள் காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. படிப்பு அதோடு நின்றது. வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. யாராவது கேட்டால் அம்மா “உடம்பு சரியில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக எனக்கு அதே உடம்பு சரியில்லாமல் இருந்தது.

கடைக்காரரின் கேள்விக்கும் அப்படியே நின்றுவிட்டு, வாங்கப் போன மீன் தீனியைக்கூட வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து இரண்டு பக்கம் எழுதினேன். நாம் குடிக்கிற தண்ணீர் நம் வயிற்றுக்குள் போகிறது; மீனுக்கு அதே தண்ணீர் செவுளின் வழியாக, ரத்தத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. கிருமியைக் கொல்லப் போடும் குளோரினுக்குக் கிருமி எது, செவுள் எது என்று தெரியாது. அதனால் தண்ணீரை வாய் அகன்ற தொட்டியில் பிடித்து, மூடாமல், காற்று மோட்டாரை ஓடவிட்டு ஒரு நாள் வைக்க வேண்டும். குளோரின் தானாகக் கிளம்பிப் போய்விடும். அவசரம் என்றால் குளோரினை முறிக்கிற மருந்துச் சொட்டு இருக்கிறது. அதற்குப் பிறகும் தொட்டித் தண்ணீரின் சூடும் மீன் இருக்கும் தண்ணீரின் சூடும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே தடவையில் பாதிக்கு மேல் மாற்றக்கூடாது. இப்படி எழுதிக்கொண்டே போய், கடைசியில், ‘நீங்கள் கேட்டபோது எனக்குத் தெரியும்’ என்றும் எழுதினேன்.

அக்காவிடம் கொடுத்தேன். அவள் வேலை செய்யும் செல்போன் கடை, மீன் கடைக்கு இரண்டு கடை தள்ளி இருக்கிறது. டிவி ரிமோட்டில் உள்ள பட்டனின் பெயரைத்தான் அவள் எனக்கு வைத்திருந்தாள். “மியூட்டு வாயத் திறந்தாச்சு. ஆனா பேப்பர்ல” என்று அம்மாவிடம் காட்டிவிட்டு எடுத்துப் போனாள்.

மாலையில் திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். கடைக்காரர் அதை இரண்டு தடவை படித்தாராம். கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்துவிட்டாராம். கடையின் பின்னறையில் தண்ணீர் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம், இரண்டு மாதத்தில் போய்விடுவாள், உன் தங்கச்சி வருவாளா என்று கேட்டாராம். வாய் பேசாது என்று இவள் சொல்லியிருக்கிறாள். “மீனும்தான் பேசாது” என்றாராம் அவர்.

அந்தப் பின்னறையை நான் ஒரே ஒரு முறை கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். மூன்று அடுக்காக முப்பது தொட்டிகள். ஒரே விளக்கு. மோட்டார்களின் முணுமுணுப்பு. வாடிக்கையாளர்கள் அங்கே வரமாட்டார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்காத அறை. உலகத்தில் எனக்கென்று ஓர் இடம் இருந்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அந்த எண்ணம் மாறவில்லை.

சும்மா என்னை வேலைக்கு எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் தயாராக இல்லை. ஏஞ்சல் மீன் குஞ்சுகள் எண்பத்து மூன்றை, அரிசி அளவில், ஒரு பையில் போட்டு அக்காவிடம் கொடுத்து அனுப்பினார். ஆறு வாரத்தில் அவற்றை நாணயம் அளவுக்கு வளர்த்துக் காட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு போனால் பரவாயில்லை. மீதி வளர்ந்துவிட்டால் பின்னறை எனக்கு.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அவள் ஏற்கெனவே வேறு ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தாள். தொலைவில் ஒரு தையல் ஆலை, அதோடு சேர்ந்த விடுதி, அறைக்குப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரோடு இருந்தால் எனக்குப் பேச்சு வந்துவிடும் என்பது அவள் கணக்கு. அவளை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“நாங்க இருக்கிற வரைக்கும் சரிடி. அதுக்கப்புறம் உனக்காக யார் பேசுவா?”

 கடைசியில் அம்மா ஆறு வாரத்துக்கு ஒப்புக்கொண்டாள். மீன் பிழைத்தால் நான் இங்கே, இல்லாவிட்டால் அங்கே, பிறகு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளக்கூடாது என்றாள். நான் தலையாட்டினேன்.

எனக்குத் தைரியம் இருந்தது. தைரியத்துக்குக் காரணம் அப்பா.

அப்பா தண்ணீர் வாரியத்தில், சுத்திகரிப்பு நிலையத்தில், குளோரின் கலக்கும் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் அவருக்குக் குளோரின்காரர் என்று பெயர். குழாயில் வாசனை கொஞ்சம் தூக்கலாக வந்தால் போதும், எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்றுகொண்டு, “என்னண்ணே, இன்னிக்குக் கை தாராளமோ?” என்பாள். “உங்க வீட்ல யாருக்காவது வயித்தால போகுதா? போகலல்ல? அதான் என் கை” என்பார் அப்பா. இந்தப் பேச்சு வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். இரண்டு பேருக்கும் அலுக்கவே அலுக்காது.

மற்ற வீடுகளில் மீன் வளர்க்கிறவர்கள் மருந்துச் சொட்டை நம்பினார்கள். நான் அப்பாவை நம்பினேன். சாயங்காலம் மூன்றரை மணிக்கு வேலை முடிந்து வந்து முகம் கழுவும்போது, அன்றைக்கு எவ்வளவு போட்டார்கள் என்று எனக்குச் சொல்வார். சாதாரணம் என்றால் தண்ணீரை ஒரு நாள் வைப்பேன். மழை பெய்து ஆறு கலங்கியிருந்தாலோ, எங்கேயாவது குழாய் உடைந்து ஒட்டியிருந்தாலோ, “கூட” என்பார். அப்போது இரண்டு நாள் வைத்து, மருந்தும் போடுவேன். அப்பா வீட்டிலேயே இருக்கும்போது தினம் மருந்து எதற்கு என்பது எங்கள் வீட்டுப் பெருமை. ஒரு வருடத்துக்கு முன் வாங்கிய மருந்துக் குப்பி இன்னும் கால்வாசிகூடக் குறையவில்லை. அது தெரிந்துதான் மீன் கடைக்காரர் அக்காவிடம், “உங்க வீட்டுக்கு மருந்து விக்க முடியாதும்மா. உங்க வீட்டு மருந்து டூட்டிக்குப் போய்ட்டு வருது” என்று கிண்டல் செய்வாராம்.

குஞ்சுகள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அது எங்களில் யாருக்கும் தெரியாது.

பிறகு தெரிந்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். அளவு பார்த்துக் கலக்க ஒரு இயந்திரம் வந்திருக்கிறது. மூன்று பேர் செய்த வேலைக்கு ஒருவர் போதும் என்றாகிவிட்டது. வேலையை விட்டு அனுப்பும்போது கொடுத்த தொகையை அவர் சம்பளம் போல மாதாமாதம் பிரித்து அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். காலையில் ஆறரைக்கு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மூன்றரைக்குத் திரும்பி வந்து முகம் கழுவிக்கொண்டே எனக்கு அளவு சொல்வார். பகல் முழுவதும் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு மட்டுமாவது தெரிந்திருக்க வேண்டும். அவருடைய சட்டையில் எப்போதும் குளோரின் வாசனை இருக்கும். சலவை செய்தாலும் போகாது. ஒரு நாள் கொடியிலிருந்து எடுத்து மடித்தபோது வெறும் சோப்பு வாசனைதான் வந்தது. எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். குளோரின் தெறித்துச் சட்டையில் வெள்ளைத் திட்டு விழுவது நின்றுவிட்டதைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டாள். “இப்பத்தான் கொஞ்சம் நல்ல எடத்துல உக்கார வெச்சிருக்காங்க போல” என்றாள். அப்பா “ஆமா” என்றார்.

முதல் நான்கு வாரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. கூடத்து மூலையில், ஜன்னல் வெயில் நேராக விழாத இடத்தில், குஞ்சுகளின் கண்ணாடித் தொட்டி. குளியலறைக்கு வெளியே தண்ணீர் வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. காலையில் எழுந்ததும் முந்தின நாள் தண்ணீரின் மேல் குனிந்து முகர்ந்து பார்ப்பேன். பிறகு முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் வெப்பமானி. மெல்லிய குழாயை வாயால் உறிஞ்சி, குஞ்சுகளின் தொட்டியின் அடியில் கிடக்கும் அழுக்கை இழுத்து வெளியே விட்டுவிட்டு, அதே அளவு புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்குவேன். ஒரு மணி நேரம் ஆகும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துறவங்களுக்கே இவ்வளவு பொறுமை கெடையாது” என்பாள்.

அரிசி அளவில் இருந்தவை பட்டாணி அளவாயின, பிறகு சட்டைப் பித்தான் அளவாயின. முதுகிலும் வயிற்றிலும் துடுப்பு நீண்டு, உண்மையான ஏஞ்சல் மீன் போலவே ஆயின. நான்கு வாரத்தில் ஆறுதான் செத்தன. அம்மா தையல் ஆலையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் தொட்டிக்கு முன்னால் காய்கறி நறுக்க உட்கார்ந்து, நறுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, வழக்கம்போல் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். முந்தின நாள் அப்பா சாதாரணம் என்றுதான் சொல்லியிருந்தார். தண்ணீரில் வாசனையே இல்லை. என்றைக்கும் இல்லாத அளவுக்கு இல்லை. நல்ல தண்ணீர் என்று நினைத்தேன்.

மதியத்துக்குள் குஞ்சுகள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டன. தீனி போட்டால் வந்து மொய்ப்பவை மூலையில் ஒதுங்கி நின்றன. மறுநாள் காலையில் ஒன்பது செத்துக்கிடந்தன. மற்றவை தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் படபடவென்று அடித்தது.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். சூடு சரி. மோட்டார் ஓடுகிறது. தீனி மிஞ்சவில்லை. மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தால் முதலில் செய்ய வேண்டியது தண்ணீர் மாற்றுவது. எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் முந்தின நாள் மாற்றியதும்தான் இது தொடங்கியது. அதுதான் என்னை உறுத்தியது.

அப்பா கிளம்பத் தயாராகி நின்றார். நான் அவரிடம் போய், வாயால், முழு வாக்கியமாகக் கேட்டேன்.

“அப்பா, தண்ணியில ஏதாவது மாத்திட்டாங்களா?”

 அப்பா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு.

“என்னத்த மாத்துவாங்க? எனக்குத் தெரியாம அங்க ஒரு சொட்டு மாத்த முடியுமா? நேத்துகூட நான்தான பாத்தேன். சர்க்கரை மாதிரி இருக்கு தண்ணி. நீ தைரியமா ஊத்து பாப்பா, பாதியா மாத்து.”

அவருக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு நாள் பொறுத்துப் பார் என்று சொல்லியிருக்கலாம். மருந்து போடு என்றாவது சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் நான் பிறகு நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் போனதும் பாதித் தண்ணீரை மாற்றினேன். தவிப்பு அதிகமாக இருந்ததால், சொட்டுச் சொட்டாக இல்லாமல் கொஞ்சம் வேகமாகவே இறக்கினேன்.

அடுத்த மூன்று மணி நேரத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சின்ன மீன் சாகும்போது சத்தம் வராது. ஒரு பக்கமாகச் சாயும், சுற்றும், மறுபடி நேராக வரப் பார்க்கும். இரண்டு மூன்று தடவை அப்படிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். பன்னிரண்டரை மணிக்கு நான்கு மட்டும் நீந்திக்கொண்டிருந்தன.

அந்த நான்கையாவது காப்பாற்ற வேண்டும், அப்பாவைக் கையோடு கூட்டிவந்து தண்ணீரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று கிளம்பினேன். சுத்திகரிப்பு நிலையத்துக்கு முக்கால் மணி நேர நடை. சின்னப் பிள்ளையில் போனது. அதே பச்சைக் கதவு, அதே முள்கம்பி. காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டார். எனக்கு “அப்பா” என்பதற்கு மேல் வரவில்லை. அவர் காதில் கையை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். நான் மறுபடியும் “அப்பா” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. பாவம் என்றும் தோன்றியிருக்கும். உள்ளே குரல் கொடுத்தார்.

நீலச் சட்டை போட்ட ஒரு அக்கா வந்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பா யாரென்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். “மூக்கு அப்படியே அவருதுதான்” என்றாள். அப்புறம்தான் அவள் முகம் மாறியது.

“அவர் இங்கேருந்து போய் நாலு மாசமாச்சேம்மா. வீட்ல சொல்லலையா?”

நான் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பெரிய எழுத்து. புதன்கிழமை முதல் குளோரினோடு அம்மோனியாவும் சேர்த்துக் கலக்கப்படும். தண்ணீரில் நீண்ட நேரம் தங்கும். வாசனை குறைவாக இருக்கும். மனிதர் குடிக்கத் தடையில்லை. மீன் வளர்ப்போர் கவனத்துக்கு: தண்ணீரைத் திறந்து வைப்பதால் இது போகாது, கொதிக்கவைத்து ஆறவைத்தாலும் முழுவதும் போகாது, இதற்கென்று உள்ள மருந்தைச் சேர்த்த பிறகே பயன்படுத்தவும்.

நான் படிப்பதைப் பார்த்து அவள் திரும்பினாள். “மூணு வாரம் முன்னாடியே எல்லா மீன் கடைக்கும், ரத்தம் சுத்தம் பண்ற ஆஸ்பத்திரிக்கும் நாங்களே நேர்ல போய்க் குடுத்துட்டு வந்தோம்” என்றாள். பிறகு மேசையிலிருந்து அதே அறிவிப்பின் சின்னத் தாள் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். அப்பா நல்ல மனிதர் என்றாள், அவரைப் போட்டு எதுவும் கேட்காதே என்றாள். நான் யாரிடம் என்ன கேட்டுவிடப் போகிறேன்.

திரும்பி வந்தபோது நான்கும் செத்திருந்தன.

அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார். அம்மா அதற்குள் அழுது முடித்திருந்தாள். அப்பா தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். வலையால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டிருந்தவற்றைப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு அளவு சொல்லவில்லை. “கைதவறி அளவு ஏதாவது மாறிப்போச்சா பாப்பா?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் வேண்டுமென்றே பழியை என்மேல் போட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படி இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டுக் கேட்டது போலத்தான் இருந்தது. நான் “தெரியல” என்றேன்.

மறுநாள் அக்கா என்னைக் கையைப் பிடித்து மீன் கடைக்கு இழுத்துப் போனாள். நேரில் போய் மன்னிப்புக் கேட்டால் இன்னொரு தடவை குஞ்சு கொடுப்பார் என்றாள். “நீ நில்லு போதும். பேசறத நான் பாத்துக்கறேன். ஆனா ஒரு வார்த்தையாவது நீ சொல்லணும்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எழுதிய இரண்டு பக்கம் கல்லாவுக்கு மேலே இன்னும் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் வாரியத்தின் அறிவிப்பு.

கடைக்காரருக்குக் கோபமே வரவில்லை. எத்தனை செத்தன, எப்படிச் செத்தன என்று அக்கா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். பிறகு அறிவிப்பைக் காட்டினார்.

“இந்தத் தெருவுல மீன் வெச்சிருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் பண்ணிச் சொன்னேன். உங்க வீட்டுக்கு மட்டுந்தான் சொல்லல. அங்கேயே வேலை பாக்குறவர் வீட்டுக்குப் போய் நான் என்னத்தச் சொல்றது? ஊருக்கே முன்னாடி உங்களுக்குத்தான தெரியும்?” என்று என்னைப் பார்த்தார். “ஏம்மா, அப்பா சொல்லலையா?”

பதில் இந்த முறை தொண்டை வரைக்கும் வரவில்லை, வாயிலேயே இருந்தது. அப்பாவுக்கே தெரியாது, அவர் அங்கே இல்லை, அவ்வளவுதான். சொல்லியிருந்தால் கடைக்காரர் இன்னொரு பை குஞ்சு கொடுத்திருப்பார். தப்பு என்னுடையது இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்கும். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தால் அரைமணி நேரத்தில் அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்த பிறகு அப்பா காலையில் எழுந்து என்ன செய்வார், எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். நாலு மாதம் அவர் கட்டிக் காப்பாற்றியது ஒன்றே ஒன்றுதான்.

“சொன்னார்” என்றேன்.

அக்காவுக்கு நான் பேசியதே ஆச்சரியம். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சொன்னப்புறமுமா ஊத்தின?”

நான் தலையாட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து அல்ல. “தெரியாமப் பண்ணியிருந்தா சொல்லிக் குடுத்துடலாம். உள்ள முப்பது தொட்டி இருக்கும்மா” என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வழியில் அக்கா என்னைத் திட்டினாள். பிறகு திட்டுவதை நிறுத்திவிட்டு, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டாள். வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

அம்மா அன்றைக்கே தையல் ஆலைக்குப் பேசிவிட்டாள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அவள் ஜெயித்த மாதிரி நடந்துகொள்ளவில்லை. பழைய பையின் பிய்ந்த வாரைத் தைத்துக் கொடுத்தாள், இரண்டு புதுத் துண்டு வாங்கி வந்தாள், அறைக்குப் பன்னிரண்டு என்பது எட்டாகவும் இருக்கலாம் என்றாள். குஞ்சுகளின் தொட்டியை நான் கழுவி, வெயிலில் கவிழ்த்தேன். தண்ணீர்த் தொட்டியை அம்மா துணி ஊறவைக்க எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். இப்போதெல்லாம் தண்ணீரில் வாசனையே வருவதில்லையே, மருந்து போடுவதை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டாள். அப்பா சிரித்து, கை கொஞ்சம் கஞ்சமாகிவிட்டது என்று எதையோ சொல்லிச் சமாளித்தார். அத்தை விடவில்லை. யாரோ ஏதோ அறிவிப்பு ஒட்டியிருக்கிறது என்கிறார்களே, அதில் என்னதான் இருக்கிறது என்றாள். அப்பா பாதி கேட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ கருகுவது போலச் சட்டென்று உள்ளே வந்துவிட்டார். கூடத்தின் நடுவில் நின்றார். அவருடைய முகத்தை நான் பார்த்துவிட்டதை அவர் பார்க்கவில்லை.

தெருவில் எல்லாரும் கேட்கத்தான் போகிறார்கள். குளோரின்காரரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பார்கள். கேட்டால் அவரிடம் சொல்ல ஒரு பதில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் செய்தேன். அவரைக் குத்திக்காட்ட இல்லை. திங்கட்கிழமை விடிந்ததும், ஆணியில் தொங்கிய நீலச் சட்டையின் பையில், நிலையத்து அக்கா கொடுத்த தாளை மடித்து வைத்தேன்.

அப்பா குளித்துவிட்டு வந்து சட்டையைப் போட்டார். சீப்பை எடுக்கப் பைக்குள் கையை விட்டவர் தாளை எடுத்தார். வாசலுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் நின்று படித்தார். சின்னத் தாள்தான், பத்து வரிகூட இருக்காது. ஆனால் நெடுநேரம் படித்தார். தலைப்பில் நிலையத்தின் முத்திரை, கீழே தேதி. அந்தத் தாள் எங்கேயிருந்து வந்திருக்கும், யார் அங்கே போயிருப்பார்கள் என்பதையும் அவர் அதிலேயே படித்திருப்பார்.

உள்ளேயிருந்து அம்மா, எனக்கு எட்டரை மணிக்கு வண்டி, ஒரு நாளாவது லீவு போட்டு என்னை ஏற்றிவிட்டு வரக்கூடாதா என்று கேட்டாள். அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்து, பைக்குப் பித்தான் போட்டார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். என்னைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும், தெருமுனைக் கடைக்குப் போனால்கூட, போய்ட்டு வரேன் என்று சொல்லாமல் படியிறங்குவது கிடையாது. அம்மா டப்பாவோடு சமையலறையிலிருந்து வெளியே வருவதற்குள், வாசலில் வைத்திருந்த என் பையின்மேல் கால் படாமல் தாண்டி, அப்பா இறங்கிப் போய்விட்டார்.